போஸ்டர் ஒட்டினா ஆரோக்கியம் வந்துடுமா?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதான் தூசி தட்டி எடுத்தேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

ஆபீஸ்ல பொட்டி தட்டுற எல்லாருக்கும் 'வெல்னஸ் புரோகிராம்'ங்கிற வார்த்தை பழக்கமாகியிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து ரத்தம் எடுப்பாங்க, இடுப்பை டேப் வச்சு அளப்பாங்க. பத்தாயிரம் அடி நடந்தா பாயின்ட், பாயின்ட் சேர்ந்தா தண்ணி பாட்டில். லிஃப்ட் பக்கத்துல 'படிக்கட்டில் ஏறுங்கள், இதயத்தைக் காப்பாற்றுங்கள்'னு ஒரு போஸ்டர் இருக்கும். அதே ஆபீஸ்ல ராத்திரி பதினொண்ணு மணிக்கு கான்ஃபரன்ஸ் காலும் இருக்கும், அந்தக் காலுக்கு பீட்சாவும் வரும். இதயம் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிக்கும் :-)

நான் சொல்ல வந்தது நம்ம ஆபீஸ் கதை இல்லை. இதே சமாச்சாரம் ராணுவத்துக்குள்ள போனா என்ன ஆகுதுங்கிறதுதான் மேட்டர். அமெரிக்க ராணுவத்தை எடுத்துக்கறேன். இந்த விஷயத்துல அவங்க அளவுக்குத் திட்டம் போட்டவங்களும் கம்மி, அதைப் பற்றி வெளிப்படையா அறிக்கை எழுதினவங்களும் கம்மி.

'ராணுவத்துல எதுக்குய்யா வெல்னஸ்? அவங்கதான் விடியக்காலையில எழுந்து ஓடுறாங்களே'ன்னு தோணும். நம்ம தெருவுல ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இருப்பாரு. அஞ்சு மணிக்கு கேன்வாஸ் ஷூ போட்டு நடப்பாரு, எழுபது வயசுலயும் முதுகு வளையாது. ராணுவம்னாலே நமக்கு அந்த உருவம்தான். நிஜத்துல ராணுவ முகாம்ங்கிறது ஒரு சின்ன ஊர். சிப்பாய், அவர் மனைவி, குழந்தைங்க, அலுவலகத்துல வேலை பாக்குற சிவிலியன்கள், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு எல்லாம் உள்ளேயே இருக்கு. அமெரிக்க ராணுவத்தோட மருத்துவத் திட்டமான டிரைகேர்ல இருக்குறவங்க சுமார் 95 லட்சம் பேர். துப்பாக்கி தூக்குறவங்களை விட மாத்திரை வாங்குறவங்கதான் அதிகம்னு வச்சுக்கோங்களேன்.

அதனால திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2009-ல 'காம்ப்ரிஹென்சிவ் சோல்ஜர் ஃபிட்னஸ்'னு ஒண்ணு. பாசிட்டிவ் சைக்காலஜி புகழ் மார்ட்டின் செலிக்மனோட யோசனைகளை அடிப்படையா வச்சு, சிப்பாய்களோட மனசுக்கு உரம் ஏத்துற திட்டம். 105 கேள்வி உள்ள ஒரு படிவத்தை ஒவ்வொரு சிப்பாயும் நிரப்ப வேண்டியிருந்தது. 2013-ல 'ஆபரேஷன் லிவ் வெல்', அதுக்குக் கீழே 'ஹெல்தி பேஸ் இனிஷியேட்டிவ்'. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தளங்கள்ல சாப்பாடு, உடற்பயிற்சி, புகைவிடுதல்னு சோதனை முயற்சி. மெஸ்ல 'கோ ஃபார் கிரீன்'. நல்ல சாப்பாட்டுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், வேண்டாததுக்குச் சிவப்பு. டிராஃபிக் சிக்னல் மாதிரி. 2020-ல 'எச்2எஃப்'. இதைப் பற்றிக் கடைசியில சொல்றேன், அதுல நல்லது இருக்கு.

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். இந்த மாதிரித் திட்டங்கள்ல தனி ஆளைத் திருத்தப் பாக்குற பகுதி பெரும்பாலும் வீண். இடத்தையும் நேரத்தையும் விலையையும் மாத்துற பகுதி வேலை செய்யும். ராணுவத்துக்கு ரெண்டாவதைச் செய்யுற அதிகாரம் முழுசா இருக்கு. இருந்தும் முதலாவதைத்தான் ஆசையா செய்யுது. அது செலவு கம்மி, மேலதிகாரிக்குத் தலைவலியும் கிடையாது.

முதல்ல ஆபீஸ் வெல்னஸ் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். 2010-ல கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஜிருய் சாங் மூணு பேரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, வெல்னஸுக்குப் போடுற ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவுல சுமார் 3.27 டாலர் மிச்சம்னு எழுதினாங்க. கம்பெனிகள் எல்லாம் அந்தக் கணக்கைப் பவர்பாயின்ட்ல போட்டுக் கொண்டாடின. அப்புறம் அதே பெய்க்கரும் சாங்கும் ஒரு பெரிய கடைச் சங்கிலியில 160 கிளை, சுமார் 33,000 ஊழியர்களை வச்சு, குலுக்கல் முறையில 20 கிளைக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்துப் பாத்தாங்க. 2019-ல முடிவு வந்தது. பதினெட்டு மாசம் கழிச்சு, 'நான் உடற்பயிற்சி பண்றேன், எடையைக் கவனிக்கிறேன்'னு சொன்னவங்க எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனா ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, லீவு, வேலைத்திறன் எதுலயும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தான் சொன்னதைத் தானே சோதிச்சுப் பாத்து, எதிர்மாறா வந்ததையும் வெளியிட்டாங்க பாருங்க, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களை வச்சு நடந்த இன்னொரு ஆய்வும் இதே கதைதான். கூடவே இன்னொரு உண்மையையும் அது எடுத்து வச்சது. இந்தத் திட்டங்கள்ல ஆர்வமா சேர்றவங்க ஏற்கெனவே மருத்துவச் செலவு கம்மியா இருக்குறவங்க. ஜிம்முக்குப் போறவன்தான் ஜிம் கூப்பனை வாங்குறான். அவனை மத்தவனோட ஒப்பிட்டு 'ஆஹா, திட்டம் வெற்றி'ன்னு நாம கைதட்டுறோம்.

இப்ப ராணுவத்துக்கு வருவோம். ஒரு சாதாரணக் கம்பெனியால உங்க சாப்பாட்டையோ தூக்கத்தையோ எவ்வளவு மாத்த முடியும்? வீட்டுக்குப் போயிட்டா நீங்க உங்க ராஜ்யம். ரெண்டு வருஷத்துல வேற கம்பெனிக்கும் தாவிடுவீங்க. ராணுவம் அப்படியில்லை. தூங்குற கட்டில் அவங்களுது. மெஸ் அவங்களுது. கடையும் அவங்களுதுதான், டாக்டரும்தான். மணி எத்தனைக்கு எழணும்னு சொல்றதும் அவங்கதான். இருபது வருஷம் வேலை பாத்து ஓய்வு பெற்ற பிறகும் மருத்துவ பில் பெரும்பாலும் அரசாங்கத்துக்கே வரும். உலகத்துல வேற எந்த முதலாளிக்கும் இவ்வளவு வசதியும் இல்லை, இவ்வளவு காரணமும் இல்லை. அந்த வசதியை வச்சு என்ன செய்தாங்க?

சிகரெட்டை எடுத்துக்கோங்க. ரெண்டாம் உலகப் போர்ல சாப்பாட்டுப் பொட்டலத்தோட சிகரெட்டும் சேர்த்தே கொடுத்தாங்க. 1975-ல தான் அது நின்னது. அதுக்கப்புறமும் பல வருஷம் முகாம் கடையில வெளிக்கடையை விட விலை கம்மி. ஒரு பக்கம் புகைவிடுதல் வகுப்பு, இன்னொரு பக்கம் சகாய விலை சிகரெட். முகாம் கடைகளோட லாபத்துல ஒரு பங்கு படையினரோட பொழுதுபோக்கு, நலத்திட்டங்களுக்குப் போகுது. ஜிம் மாதிரி வசதிகளும் அதுல அடக்கம். சிகரெட் லாபத்துல டம்பெல் வாங்கி, அதைத் தூக்க வச்சு நுரையீரலைச் சரி பண்றது! என்னத்த சொல்ல.

புகையிலையால வர்ற மருத்துவச் செலவும் வேலை இழப்பும் சேர்த்து வருஷத்துக்கு 160 கோடி டாலர்னு பாதுகாப்புத் துறையே கணக்கு சொல்லியிருக்கு. கடைசியில 2016-ல தான், உள்ளூர் வரியையும் சேர்த்து வெளிச் சந்தை விலைக்கே விக்கணும்னு உத்தரவு வந்தது. ஆனா கடற்படையோட நீர்மூழ்கிக் கப்பல்கள்ல என்ன பண்ணாங்க தெரியுமா? 2010 டிசம்பர் 31-லேர்ந்து உள்ளே புகை கிடையாதுன்னு ஒரே உத்தரவு. பாயின்ட்டும் இல்லை, தண்ணி பாட்டிலும் இல்லை. மூடின இரும்புக் குழாய்க்குள்ள பக்கத்து ஆள் புகையை நூத்துக்கணக்கான பேர் சுவாசிக்கிறது ஒரே நாள்ல நின்னுச்சு. எது பொது நலம்னு இதுக்கு மேல விளக்கணுமா?

அடுத்தது சாப்பாடு. பச்சை, மஞ்சள், சிவப்பு லேபிள் ஒட்டுறதுல தப்பில்லை. கண்ணுல படுற இடத்துல காய்கறியை வைக்கிறதும், சமையல் முறையையே மாத்துறதும் நல்ல வேலைதான். ஆனா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பத்தொன்பது வயசுப் பையனுக்கு அந்த மெஸ் பூட்டியிருந்தா? திறந்திருக்குறது பர்கர் கடை மட்டும்னா? அவன் சிவப்புதான் சாப்பிடுவான், லேபிள் இல்லாமலே. இன்னும் கொடுமை ஒண்ணு இருக்கு. பாதுகாப்புத் துறை 2022-ல வெளியிட்ட அறிக்கையில, 2020-ஆம் வருஷம் பணியில இருந்த படையினர்ல 24 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்துல உணவுப் பாதுகாப்பு இல்லாம இருந்திருக்காங்கன்னு இருக்கு. நாலுல ஒருத்தர். உலகத்துலயே பெரிய ராணுவ பட்ஜெட் உள்ள நாட்டுல. அடிக்கடி ஊர் மாத்துறதுல மனைவிக்கு வேலை நிலைக்காது, குழந்தை காப்பகச் செலவு கழுத்தை நெரிக்கும். அந்த வீட்டம்மாகிட்ட போய் 'கீன்வா சாலட் செய்வது எப்படி'ன்னு வகுப்பு எடுத்தா அவங்க நம்மளைப் பாக்குற பார்வை எப்படி இருக்கும்?

அடுத்தது தூக்கம். இந்தப் பதிவை எழுத வச்சதே இதுதான்.

2017 ஜூன் 17, ஜப்பான் பக்கத்துல ஃபிட்ஸ்ஜெரால்டுங்கிற போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோட மோதிச்சு. நடுராத்திரி. படுக்கை அறைக்குள்ள தண்ணி புகுந்து 7 பேர் இறந்தாங்க. ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் பக்கத்துல ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் ஒரு டேங்கரோட மோதிச்சு. 10 பேர் போனாங்க. விசாரணையில பயிற்சிக் குறைவு, தலைமைக் கோளாறுன்னு நிறைய காரணம் வந்தது. அதுல களைப்பும் ஒண்ணு. கடற்படையே 2014-ல பண்ணின ஆய்வுல மாலுமிகள் வாரத்துக்கு சராசரி 108 மணி நேரம் பணியில இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தது. விதிப்படி இருக்க வேண்டியது சுமார் 80. இதை நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு (ஜி.ஏ.ஓ) 2017 மே மாசமே எழுதி வச்சிருந்தது. முதல் மோதலுக்கு ஒரு மாசம் முன்னாடி.

நீட்டா ஷாட்டக்குன்னு கடற்படை முதுநிலைக் கல்லூரிப் பேராசிரியை பல வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க: காவல் முறை வரிசையை மாத்துங்கன்னு. அஞ்சு மணி நேரம் காவல், பத்து மணி நேரம் இடைவெளின்னு போட்டா ஒரு நாள் காலையில, மறுநாள் ராத்திரின்னு தூங்குற நேரம் ஓடிக்கிட்டே இருக்கும். உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் குழம்பிப்போகும். மூணு மணி காவல், ஒன்பது மணி இடைவெளின்னு போட்டா தினமும் ஒரே நேரத்துல தூங்கலாம். மாத்த வேண்டியது ஒரு அட்டவணையை. 17 பேர் இறந்த பிறகு, 2017 கடைசியிலதான் எல்லாப் போர்க்கப்பல்களுக்கும் இந்த மாதிரி உடற்கடிகாரத்தை ஒட்டின அட்டவணை போடச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு வந்தாலும் 2021-ல ஜி.ஏ.ஓ மறுபடி பாத்தப்ப, கப்பல் அதிகாரிகள்ல போதுமான தூக்கம் கிடைச்சவங்க சுமார் 14 சதவீதம்தான். ஆள் பற்றாக்குறை அப்படியே இருந்தா அட்டவணை மட்டும் என்ன பண்ணும்?

'நல்லாத் தூங்குங்கள்'னு ஒரு துண்டுப்பிரசுரம் எந்த மாலுமியையும் காப்பாத்தியிருக்காது. அவங்களுக்குத் தூங்கத் தெரியாம இல்லை. தூங்க விடலை.

மன நலமும் இதே லட்சணம்தான். 2022 ஏப்ரல்ல ஜார்ஜ் வாஷிங்டன் விமானந்தாங்கிக் கப்பல்ல வேலை பாத்த மூணு பேர் ஒரு வாரத்துக்குள்ள தற்கொலை செய்துக்கிட்டாங்க. அந்தக் கப்பல் 2017-லேர்ந்து கப்பல் கட்டும் தளத்துல பராமரிப்புல நின்னுக்கிட்டிருந்தது. சில நூறு மாலுமிகள் அந்த இரைச்சலுக்கும் தூசுக்கும் நடுவுலயே கப்பல்ல தங்கியிருந்தாங்க. மூணு சாவும் ஒண்ணுக்கொண்ணு நேரடித் தொடர்பில்லாததுன்னு விசாரணை சொன்னது. ஆனா அந்தத் தங்குமிட நிலைமை மனுஷங்களை எப்படித் தேய்க்குதுன்னு அப்புறம்தான் கண்ணைத் திறந்து பாத்தாங்க. இருநூறு பேருக்கும் மேல கப்பலை விட்டு வெளியே தங்க வச்சாங்க. அது முன்னாடியே முடிஞ்சிருக்கும்ல?

2023-ல ஜி.ஏ.ஓ படையினர் குடியிருப்புகளைப் பாத்துட்டு எழுதின அறிக்கையைப் படிச்சா சோறு இறங்காது. பூஞ்சை, பொங்கி வழியுற கழிவுநீர், வேலை செய்யாத ஏ.சி. அந்தச் சுவத்துலதான் வெல்னஸ் போஸ்டரும் ஒட்டியிருக்கும்.

அந்த 105 கேள்விப் படிவம் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அமெரிக்க மருத்துவக் கழகம் (ஐ.ஓ.எம்) 2014-ல ராணுவத்தோட மனநலத் தடுப்புத் திட்டங்களை ஆராய்ஞ்சு, பலதுக்கும் பலன் இருக்குன்னு காட்ட ஆதாரம் போதாதுன்னு சொல்லிடுச்சு. காரணம் புரிஞ்சுக்கக் கஷ்டமே இல்லை. மேலதிகாரி பாப்பாரோ, பதவி உயர்வு போயிடுமோன்னு பயந்துக்கிட்டே படிவம் நிரப்புற ஆள் என்ன எழுதுவான்? 'சூப்பரா இருக்கேன் சார்'தான். 2018-ல தற்கொலை செய்துக்கிட்ட ஒரு இளம் மாலுமியோட பெற்றோர் போராடித்தான், காரணம் சொல்லாமலே ரகசியமா மனநல உதவி கேக்கலாம்ங்கிற சட்டம் 2021 கடைசியில வந்தது. 2023-லதான் அது நடைமுறைக்கு வந்தது. எனக்கு அந்த ஒரு சட்டம் நூறு வெல்னஸ் வகுப்புக்குச் சமம். பயத்தைக் குறைச்சா ஆள் தானா கதவைத் தட்டுவான்.

இப்ப எதிர்க்கட்சி வாதம். 'ராணுவம்னா கஷ்டம்தான்யா. சொகுசு வேணும்னா பேங்க் வேலைக்குப் போ.' நியாயமான கேள்விதான். போர்ல தூக்கம் கெடும், சாப்பாடு கெடும், யாரும் மறுக்கலை. ஆனா மேலே சொன்ன எதுவும் போர்க்களத்துல நடந்தது இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு யாரோடயும் சண்டை போடலை. ஜார்ஜ் வாஷிங்டன் கடல்லயே இல்லை, கரையில கட்டி நின்னுது. எதிரி கொடுக்குற கஷ்டத்தைத் தாங்கத்தான் பயிற்சி. குமாஸ்தா கொடுக்குற கஷ்டத்தைத் தாங்குறதுக்கு எதுக்குப் பயிற்சி?

'தனி மனுஷனுக்குப் பொறுப்பு இல்லையா?'ன்னு இன்னொரு கேள்வி. இருக்கு. ஆனா பொறுப்பு அதிகாரத்தோட சேர்ந்து வரணும். எப்ப தூங்கணும், எங்க சாப்பிடணும், எங்க குடியிருக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் சிப்பாய்கிட்ட இல்லை. அப்புறம் இடுப்பை டேப் வச்சு அளந்து அவனை மட்டும் குத்தம் சொன்னா எப்படி?

நல்லது இருக்குன்னு சொன்னேனே, அந்த 'எச்2எஃப்'. 2020 அக்டோபர்ல வந்த தரைப்படைக் கையேடு உடல், உணவு, மனம், ஆன்மிகம், தூக்கம்னு அஞ்சையும் ஒண்ணா பேசுது. பிசியோதெரபிஸ்ட், உணவு நிபுணர், பயிற்சியாளர் எல்லாரையும் தூரத்து ஆஸ்பத்திரியில வைக்காம படைப்பிரிவுக்குள்ளயே கொண்டுவந்து வச்சாங்க. முட்டி வலிச்சா ரெண்டு மாசம் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பக்கத்துலயே ஆள். முக்கியமா, ராத்திரித் தூக்கம் கெட்டா பகல்ல குட்டித் தூக்கம் போடலாம்னு கையேட்டுலயே எழுதிட்டாங்க. நம்ம மதியத் தூக்கத்துக்கு அமெரிக்க ராணுவ அங்கீகாரம்! இதை பிரிண்ட் எடுத்து மேனேஜர் டேபிள்ல வைக்கலாமான்னு யோசிக்கிறேன்.

நம்ம நாட்டுலயும் ஒரு உதாரணம் சொல்லலாம். 2023-ல இந்தியத் தரைப்படை, அம்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு, சிறுதானியத்தை மறுபடி சிப்பாய் ரேஷன்ல சேர்த்தது. அரிசி கோதுமைப் பங்குல 25 சதவீதம் வரைக்கும் சிறுதானிய மாவு வாங்கலாம்னு. 'கம்பு நல்லது'ன்னு சொற்பொழிவு நடத்துறதை விட கம்பைத் தட்டுல வைக்கிறது மேல். (அதே நேரம் மிலிட்டரி கேன்டீன் ரம் சகாய விலையிலதான் கிடைக்குது. அதைப் பற்றி எழுதினா எங்க ஊர்ப் பக்கம் நான் தலை காட்ட முடியாது, எஸ்கேப்!)

என்னைக் கேட்டா, எந்த முகாம்லயும் வெல்னஸ் திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிப்பாய்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. தளபதிகிட்ட நாலு கேக்கணும். உங்க ஆளுங்க போன மாசம் சராசரி எத்தனை மணி நேரம் தூங்கினாங்க? ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவனுக்குச் சூடான சாப்பாடு எங்க கிடைக்கும்? குடியிருப்புல பூஞ்சைன்னு புகார் வந்தா எத்தனை நாள்ல சரி பண்றீங்க? மேலதிகாரிக்குத் தெரியாம ஒருத்தன் கவுன்சலரைப் பாக்க எத்தனை நாள் காத்திருக்கணும்? இந்த நாலு பதிலையும் தளபதியோட பதவி உயர்வுக் கோப்புல சேர்க்கணும். சிப்பாயோட இடுப்பளவு கோப்புல ஏறும்போது இது ஏறக்கூடாதா?

இந்த நாலும் நம்ம ஆபீஸுக்கும் பொருந்தும்னு உங்களுக்குத் தோணினா அதுக்கு நான் பொறுப்பில்லை.

பி.கு: உங்கள்ல யாராவது ராணுவத்துலயோ, ராணுவக் குடும்பத்துலயோ இருந்தா, சிங்கப்பூர்ல நேஷனல் சர்வீஸ் முடிச்சவங்க இருந்தா, உங்க முகாம் மெஸ் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்க வர்றவங்களும் வரலாம், ஆனா எட்டு மணி நேரம் தூங்கிட்டு வாங்க.